ரம்பொடை ஏற்றத்துக்கு ஓர் எஞ்சின்

1968ஆம் ஆண்டு லேண்ட் ரோவர். சீரிஸ் டூ ஏ, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 88 அங்குலமே உள்ள கட்டை ஜீப், ஸ்ரீ எழுத்துள்ள நம்பர் தகடு. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரையை ஏற்றித் திரிந்தது. அப்புறம் உர மூட்டை ஏற்றியது. கடைசிப் பத்து வருடம் ஸ்டோருக்குப் பின்னால் மழையில் நின்று, கோழி முட்டையிடும் இடமாகிப் போனது. தோட்டத்து ஏலத்தில் அதை எடுத்துத் தலவாக்கலையில் என் வீட்டு முற்றத்தில் இறக்கினேன். மாமா இரண்டு தடவை சுற்றி வந்தார். சேசியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

"சேசி நல்லா இருக்கு. உடம்பு அலுமினியம், அதுக்குச் சாவு இல்ல. எஞ்சின் இருக்கே மாப்ள, அது ஓடுற காலத்துலயே செத்த எஞ்சின்."

மாமா முப்பது வருடம் தோட்டத்து வேர்க்ஷொப்பில் பிட்டராக இருந்தவர். என் அப்பா கொழுந்து லொறி ஓட்டியவர். நான் இருவரிடமும் பாதிப் பாதி கற்றுக்கொண்டவன். எங்கள் வீட்டில் யாரும் எஞ்சினைப் பற்றி மரியாதையாகப் பேசிப் பழகவில்லை. ஆனால் மாமா சொன்னதில் தப்பில்லை. உள்ளே இருந்தது ரோவரின் 2286 சி.சி. டீசல். புதிதாகத் தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலேயே அதற்கு 62 குதிரைவலுதான். அதுவும் கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்று எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு டீசல் எரியாமல் போகும். 62 குதிரை மலையேறி முடிக்கும்போது 50 ஆகிவிடும். பம்புக்கு மலை தெரியாது. கொழும்பில் ஊற்றுகிற டீசலையே அது இங்கேயும் ஊற்றும். மிச்சம் கரும்புகையாகப் பின்னால் வரும். ஏற்றத்தில் பழைய பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இதற்கு மருந்து டர்போ, எரிந்த புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் விசிறி. டர்போ என்றதும் எல்லோரும் வேகம் என்று நினைக்கிறார்கள். எனக்கு வேகம் வேண்டாம். எங்கள் றோட்டில் 80க்கு மேல் போக இடமும் இல்லை. கம்பளையிலிருந்து ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு நுவரெலியா வரை வரவேண்டும். ரம்பொடைக்கு மேலே மூன்றாம் கியரில் ஏறவேண்டும். நடுவில் எங்கும் நிறுத்திப் பொனட்டைத் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் ஆசை. மலை பிடுங்கிக்கொள்கிற காற்றை டர்போ திருப்பித் தருமே, அதற்காகத்தான் டர்போ.

எந்த எஞ்சின் என்பதில் மாமாவும் நானும் ஒரு மாதம் வாதாடினோம். இங்கிலாந்தில் இதே ஜீப்புக்கு டிஸ்கவரியின் 200 டிடிஐ எஞ்சினைத்தான் போடுவார்கள். அது ஏறக்குறைய அப்படியே பழைய பெல்ஹவுசிங்கில், அதாவது எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்க்கும் கூட்டில், உட்காரும். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு டிடிஐயைத் தேடி அலைவதற்குள் இசுசு எல்ஃப் லொறி எஞ்சின்கள் வரிசையாக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு டொயோட்டா 2எல்-டி மேல் ஒரு கண் இருந்தது. மாமா ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஹெட் வெடிக்கும்." அதுவும் உண்மை. முன்னறையில் எரிந்து பிறகு சிலிண்டருக்கு வருகிற வகை எஞ்சின்களில் நிறையச் சூடு ஹெட்டுக்கும், அதாவது எஞ்சினின் மேல் மூடிக்கும், தண்ணீருக்கும் போகும். நீண்ட ஏற்றத்தில் அந்தச் சூடுதான் ஹெட்டைப் பிளக்கிறது. ரோவரின் பழைய டீசலும் அதே வகைதான்.

கடைசியில் இசுசு 4ஜேபி1. 2771 சி.சி., பிஸ்டன் தலையிலேயே நேரடியாக டீசல் அடிக்கும் வகை. புஷ்ரொட் வால்வு. எனக்குக் கிடைத்தது எல்ஃப் லொறியிலிருந்து எடுத்தது, டைமிங் பெல்ட் இல்லை, முழுவதும் கியர். டர்போ கிடையாது. ட்ரூப்பர் ஜீப்பில் இதே எஞ்சின் டர்போவோடு வந்திருக்கிறது. ஆகவே அதன் எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டும் ஐஎச்ஐ ஆர்எச்பி5 டர்போவும் தேடினால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். கிடைத்தது, நான்கு மாதம் கழித்து.

எஞ்சினைப் பிரித்தபோது பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. கிராங் நல்ல நிலையில் இருந்தது. லைனர்களில் மேல் ரிங் நிற்கும் இடத்தில் நகத்தில் தட்டுப்படும் ஒரு தேய்மான மேடு. லைனர், பிஸ்டன், ரிங், பெயாரிங் எல்லாம் புதிது போட்டோம். இந்த எஞ்சினில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கட், ஒரே தடிப்பில் வருவதில்லை. பிஸ்டன் மேலே வரும்போது பிளொக் முகத்திலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதை நான்கிலும் டயல் கேஜில், நூறில் ஒரு மில்லிமீற்றரையும் முள்ளில் காட்டும் கருவியில், அளக்கவேண்டும். அதில் எது அதிகமோ அதற்கேற்ற தடிப்பை எடுக்கவேண்டும். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்பார். இல்லை. டர்போ போடுகிற எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் கூடும். தவறான கேஸ்கட் முதல் ஏற்றத்திலேயே ஊதிக்கொண்டு போகும். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.4 மில்லிமீற்றர், உள்ளே வெளியே இரண்டுக்கும் அதேதான்.

அடுத்தது மின்சாரம். லொறி 24 வோல்ட். ஜீப் 12. ஸ்டார்ட்டர் மோட்டரையும் ஓல்டர்னேட்டரையும் மாற்றவேண்டும் என்பது யாருக்கும் புரியும். குளிரில் ஸ்டார்ட் ஆக எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகளை மறந்துவிட்டேன். 24 வோல்ட் பிளக்குக்கு 12 வோல்ட் கொடுத்தால் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். ஜனவரிக் காலையில் நான் அரை மணி நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றிச் சுற்றி வெள்ளைப்புகை விட்டதை அக்கம்பக்கத்தார் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். பம்பில் டீசலை நிறுத்தும் சொலினாய்டும் 24 வோல்ட்தான். அது ஒரு நாள் திறக்கும், ஒரு நாள் திறக்காது. இரண்டையும் மாற்றிய பிறகு அரைச் சுற்றில் பிடிக்கிறது. ஒரு லாபமும் உண்டு. இசுசு ஓல்டர்னேட்டரின் முதுகில் வெற்றிடப் பம்ப் ஒட்டிக்கொண்டே வருகிறது. அதைப் பற்றிப் பிறகு.

இப்போது பிளேட். என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

இசுசு எஞ்சினின் பின்பக்கத் துளைகளும் ரோவர் பெல்ஹவுசிங்கின் துளைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. நடுவில் ஒரு தடித்த இரும்புத் தகடு வேண்டும். ஒரு முகத்தில் இசுசு துளை, மறு முகத்தில் ரோவர் துளை. தடிப்பை நினைத்த மாதிரி வைக்க முடியாது. கியர் பொக்ஸின் முன் சாஃப்ட் முனை கிராங்கின் நடுவிலுள்ள புஷ்ஷுக்குள் சரியாகப் போய் உட்காரும் நீளத்துக்கு வைக்கவேண்டும். எங்களுக்கு 22 மில்லிமீற்றர் வந்தது. புஷ்ஷைக் கன்மெட்டலில் கடைந்தோம். கிளச்சுக்கு இசுசுவின் பிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் வைத்துக்கொண்டு, டிஸ்க்கின் நடு ஹப்பை மட்டும் ரோவருடையதாக மாற்றி ரிவெட் அடித்தோம்.

ஹட்டனில் ஒரு லேத்தில் பிளேட்டைக் கொடுத்தேன். பார்வைக்கு அழகாக வந்தது. பூட்டினோம், எஞ்சின் ஓடியது, ஜீப் நகர்ந்தது. இரண்டு வாரத்தில் நான்காம் கியர் தானாகக் கழன்று வரத் தொடங்கியது. கிளச்சை மிதித்தால் ஒரு முனகல். கியர் பொக்ஸ் பழசு, அது அப்படித்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மாமா விடவில்லை. "கழட்டு" என்றார். கழற்றிப் பார்த்தால் கன்மெட்டல் புஷ் ஒரு பக்கமாகத் தின்று முட்டை வடிவமாகியிருந்தது.

பிளைவீலில் டயல் கேஜைக் கட்டி, முனையைப் பெல்ஹவுசிங்கின் நடு ஓட்டையின் உள் விளிம்பில் வைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினோம். முள் 0.8 மில்லிமீற்றர் ஆடியது. முள் காட்டுவது இரட்டிப்பு. உண்மையான விலகல் அதில் பாதி, 0.4. எஞ்சினின் நடுவும் கியர் பொக்ஸின் நடுவும் 0.4 மில்லிமீற்றர் தள்ளி நின்றிருக்கின்றன. நாலைந்து காகிதத் தடிப்பு. அதுவே புஷ்ஷைத் தின்னப் போதுமாக இருந்தது. இதை முதல் நாளே அளந்திருக்கவேண்டும். லேத்காரர் மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. கொடுத்தபோது அளவு கேட்காமல் "பாத்து அடிங்க பாஸ்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்தான்.

இரண்டாவது தடவை வேறு பாஸிடம் போனேன். அவர் பிளேட்டை வாங்கவே இல்லை. "மல்லி (தம்பி), எஞ்சினையும் கொண்டு வா, கியர் பொக்ஸையும் கொண்டு வா" என்றார். இரண்டையும் அவருடைய பட்டறையில் வைத்து, போல்ட்டைத் தளர்த்தி, டயல் கேஜைப் பார்த்துப் பார்த்துப் பிளேட்டைத் தட்டி நகர்த்தினார். முள் 0.1க்குள் வந்ததும் போல்ட்டை இறுக்கி, அந்த இடத்திலேயே பிளேட் இனி நகராமல் பிடிக்கும் ஊசிகளுக்குப் புதிய துளைகளை ரீமர் போட்டு எடுத்தார். ஒரு பகல் வேலை. இன்று வரை அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

டர்போவைப் பூட்டுவது அதைவிடச் சுலபம். மேனிஃபோல்ட் நேராக உட்கார்ந்தது. ஒயில் போகும் குழாய் மெல்லியது, பிளொக்கிலுள்ள பிரஷர் துளையிலிருந்து எடுத்துவிடலாம். திரும்பி வரும் குழாயில்தான் கவனம். டர்போவிலிருந்து வெளியே வரும் ஒயில் அழுத்தத்தில் வருவதில்லை. நுரையோடு, தன் பாரத்தில் சும்மா இறங்கும். குழாய் பருமனாக இருக்கவேண்டும், எங்கும் மேலே வளையக் கூடாது, எஞ்சினுக்கு அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பில், ஒயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரவேண்டும். டர்போ இல்லாத பிளொக்கில் அதற்கு இடம் விட்டிருக்கவில்லை. சம்ப்பைக் கழற்றி மேல் விளிம்பில் ஒரு முழங்கைக் குழாயைப் பற்றவைத்தோம். சம்ப்பைத்தான் எப்படியும் கழற்றியாயிற்று. முன் அச்சில் முட்டாமலிருக்க அதன் முன்பக்கத்தை வெட்டி ஆழத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. ஒயில் உறிஞ்சும் குழாயையும் கூடவே நீட்டவேண்டும். நீட்ட மறந்தவர்கள் ஏற்றத்தில் பிரஷர் விளக்கு எரிவதைப் பார்ப்பார்கள்.

லொறியோடு வந்த டீசல் பம்பில் டர்போ அழுத்தத்தை உணரும் பகுதி இல்லை. அதை வைத்தே ஓட்டலாம், பலர் ஓட்டுகிறார்கள். பம்பில் அதிகபட்ச டீசலை நிர்ணயிக்கும் ஃபுல்லோட் ஸ்குரூவை முறுக்கி டீசலைக் கூட்டிவிடுவார்கள். அப்போது டர்போ ஊதாத நேரத்திலும் அதே டீசல். ஒவ்வொரு முடக்கிலும் மைப்புகை. நான் டர்போ எஞ்சினின் டீசல் பம்பையே தேடி எடுத்தேன். அதன் தலையில் தொப்பி மாதிரி ஒன்று இருக்கும். உள்ளே ரப்பர் டயஃப்ரம், அதன் அடியில் கூம்பு வடிவ ஊசி. டர்போ காற்று மேலே வந்து அழுத்தினால் ஊசி இறங்கும். கூம்பு இறங்க இறங்க டீசல் கூடும். காற்று வந்த பிறகுதான் டீசல்.

ஊசி ஒரு பக்கம் சரிவு குறைவாகவும் மறுபக்கம் கூடுதலாகவும் கடையப்பட்டது. டயஃப்ரத்தைத் திருப்பி வைத்தால் எந்தச் சரிவில் இறங்கும் என்பது மாறும். ஸ்பிரிங்கின் அடியில் பல்சக்கரம் ஒன்று. அதைத் திருப்பினால் டீசல் எவ்வளவு சீக்கிரம் கூடத் தொடங்கும் என்பது மாறும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், மாற்றியதை எழுதி வைக்கவேண்டும். என்னிடம் தோட்டத்தில் ஆட்களின் நாள் சம்பளம் பதியும் ஒரு பழைய செக்ரோல் கொப்பி இருந்தது. பெயர் எழுதும் பத்தியில் தேதியையும் நாள் சம்பளப் பத்தியில் ஸ்குரூவின் சுற்றையும் எழுதினேன்.

ஃபுல்லோட் ஸ்குரூவில் ஒரு பாடம் படித்தேன். கால் சுற்று என்பது அதில் பெரிய அளவு. ஆசையில் முக்கால் சுற்று உள்ளே விட்டுவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். ஐட்லிங் 800 இருக்கவேண்டிய எஞ்சின் 2000ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. பம்புக்குள் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரால் அந்தளவு டீசலைக் குறைக்க முடியவில்லை. சொலினாய்டு வயரை அன்றைக்குக் கிளிப் போட்டு நேராகப் பற்றரியில் மாட்டியிருந்தேன். பிடுங்கியதும் நின்றது. திரும்பிப் பார்த்தால் மாமா காற்று வாய்க்குப் பக்கத்தில் ஒரு பலகைத் துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் ஸ்குரூவைத் திருகுவதைப் பார்த்தவுடனேயே எடுத்து வந்திருக்கிறார்! காற்றை அடைத்தால் எந்த டீசலும் நிற்கும். அன்றிலிருந்து அந்தப் பலகைக்கு ஓர் ஆணியில் நிரந்தர இடம்.

பம்ப் எந்த நொடியில் டீசல் அடிக்கவேண்டும் என்கிற டைமிங் விஷயத்தில் குறுக்குவழி தேடவேண்டாம். பம்பின் பின்பக்கத் திருகைக் கழற்றி டயல் கேஜைப் பூட்டி, கிராங்கைக் கையேடு சொல்லும் பாகையில் நிறுத்தி, பிளஞ்சர் 0.5 மில்லிமீற்றர் எழும்பி நிற்கும்படி பம்பைத் திருப்பி இறுக்கவேண்டும். காதால் கேட்டு வைக்கலாம் என்பவர்கள் டர்போ இல்லாத எஞ்சினில் வைத்துக்கொள்ளட்டும்.

மொத்த வேலையிலும் அதிகம் உழைத்தது ஒரு சின்ன மீற்றர். எக்ஸோஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், துளை போட்டு ஒரு தெர்மோகப்பிளை இறக்கினேன். எரிந்த காற்றின் சூட்டை அது நேராகக் காட்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் நூறு பாகைக்கு மேல் குறைத்துக் காட்டி ஏமாற்றும். 700க்கு மேல் நீண்ட நேரம் நிற்கக் கூடாது என்று எனக்கு நானே கோடு போட்டேன். அலுமினியப் பிஸ்டனுக்கு அதற்கு மேல் நிம்மதியில்லை. பக்கத்தில் டர்போ அழுத்த மீற்றர், தண்ணீர்ச் சூட்டு மீற்றர்.

முதல் ஏற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கம்பளையில் டீசல் அடித்தோம். மாமா பக்கத்தில், பின்னால் மச்சான்மார் மூன்று பேர், நாலு மூட்டை தேங்காய். புசல்லாவை வரை சொர்க்கம். ரம்பொடைச் சுரங்கத்தைத் தாண்டி மூன்றாம் கியரில் முடக்குகளில் ஏறுகிறது. முன்பு இந்த ஜீப்புக்கு இரண்டாம் கியரே கனவு. டர்போ 0.7 பாரில் விசில் அடிக்கிறது. மச்சான் ஒருவன் பாட்டே பாடத் தொடங்கிவிட்டான். நான் மீற்றரைப் பார்த்தேன். 780.

காலைத் தளர்த்தினேன். இறங்குகிறது. மிதித்தேன், மறுபடி ஏறுகிறது. கீழே 650இல் ஓடிய அதே எஞ்சின், அதே அழுத்தம். மேலே ஏன் இப்படி? லபுக்கலையில் தேயிலைக்கு நடுவே நிறுத்தி யோசித்தபோதுதான் புரிந்தது. டர்போ மீற்றர் காட்டும் 0.7 வெளிக்காற்றுக்கு மேல் 0.7. கடற்கரையில் வெளிக்காற்று 1 பார், கூட்டினால் 1.7. இங்கே வெளிக்காற்று 0.8, கூட்டினால் 1.5. டர்போ அளவுக்கு மேல் ஊதாமல் தடுக்கும் வேஸ்ட்கேட் கதவுக்கும் பம்பின் தொப்பிக்கும் இந்த வித்தியாசம் தெரியாது, அவையும் வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் வேலை செய்கின்றன. டீசல் 1.7க்குப் போகிறது, காற்று 1.5க்கு வருகிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் டர்போ போட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இதையே மறந்துவிட்டேன். தலவாக்கலையில் வீட்டு வாசலில், பாரமில்லாமல் டியூன் பண்ணியதன் விளைவு.

இரண்டு வேலை செய்தேன். முதலாவது, டீசலைக் குறைத்து மேலே சரியாக இருக்கும்படி வைத்தேன். கம்பளையில் கொஞ்சம் சோம்பலாக இருக்கும், இருக்கட்டும். இரண்டாவது, டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர். டர்போ அமுக்குகிற காற்று சூடாகும். எங்கள் குளிரிலும் வெளியே வரும்போது நூறு பாகையைத் தொடுகிறது. சூட்டுக்காற்று விரிந்த காற்று, அமுக்கியதில் பாதிப் பயன் அங்கேயே போய்விடுகிறது. ஒரு வேனின் இன்டர்கூலரை வாங்கி ரேடியேட்டருக்கு முன்னால் கட்டினேன். எக்ஸோஸ்ட் சூடு 60 பாகை இறங்கியது. ஆனால் தண்ணீர் மீற்றர் ஏறத் தொடங்கியது! ரேடியேட்டருக்கு வரவேண்டிய குளிர்க்காற்றை இன்டர்கூலர் முதலில் சாப்பிட்டுவிடுகிறது. ஒரு சூட்டை இறக்கினால் இன்னொரு சூடு ஏறுகிறது. கடைசியில் பற்றரியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் இன்டர்கூலரைப் பக்கவாட்டாக வைத்து, கிரில்லிலிருந்து தகரத்தில் ஒரு காற்றுவாய் மடித்துக் கொடுத்தோம்.

ரேடியேட்டர் மூடி அதற்கும் முன்னால் பார்த்திருக்க வேண்டியது. நுவரெலியாவில் திறந்த பானையில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் அது 110ஐத் தாண்டும். என் ஜீப்பில் இருந்த மூடியின் ஸ்பிரிங் கை விரலுக்கே வளைந்தது. மலையில் "ஹீட் ஆகுது" என்று ஹெட்டைக் கழற்றுகிற பலர் முதலில் மூடியை மாற்றிப் பார்க்கலாம். புது மூடி, மூன்று வரிசைக் கோர், இசுசுவின் ஃபேனைச் சுற்றித் தகரக் கூடு. இப்போது தண்ணீர் முள் 85இல் படுத்திருக்கிறது.

ஓட்டுகிற விதமும் மாறியது. சூடு 680ஐத் தொட்டால் மிதிப்பதில்லை, கியரைக் குறைக்கிறேன். சுற்றுக் கூடினால் காற்றுக் கூடும், அதே பாரத்துக்கு ஒவ்வோர் அடியிலும் டீசல் குறைவு, முள் இறங்கிவிடும். லொறி டிரைவராக இருந்த அப்பா மீற்றர் எதுவுமில்லாமல் இதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று இப்போது தெரிகிறது. "எஞ்சின முக்க விடாத" என்பார். மேலே போய்ச் சேர்ந்ததும் சாவியைத் திருப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுவேன். சிவந்திருக்கும் டர்போவில் ஒயிலை நிறுத்தினால் பெயாரிங்கிலேயே அது கருகும்.

ஏறுவது பாதிதான், இறங்கவேண்டுமே. இந்த ஜீப்பின் 10 அங்குல டிரம் பிரேக் 62 குதிரைக்கு அளந்து வைத்தது. நீளமான 109 அங்குல ஜீப்பின் 11 அங்குல டிரம்களை முன்னால் போட்டேன். ஓல்டர்னேட்டர் முதுகில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த வெற்றிடப் பம்புக்கு, பிரேக் மிதிக்கும் காலுக்கு உதவும் ஒரு சேர்வோவை மாட்டினேன். டீசலில் இயல்பாக வெற்றிடம் கிடையாது, அதனால் இது பெரிய வரம். அப்படியும் நானுஓயாவிலிருந்து ரதெல்லக் குறுக்கு றோட்டில் இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டுக் கை எடுப்பதில்லை. அந்த இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பிய வாகனங்களின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

உடைந்தது ஒன்று உண்டு. பின் அச்சில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப் சாஃப்ட். அதன் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம், பத்துப் பல் வைத்த மெல்லிய சாஃப்ட் அது. விறகு ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண் றோட்டில், பின் சக்கரங்கள் மட்டும் இழுக்க, முதலாம் கியரில் கிளச்சைச் சட்டென்று விட்டேன். 'டங்' என்றது. எஞ்சின் ஓடுகிறது, ஜீப் நகரவில்லை. நல்லவேளை, இந்தப் பழைய ஜீப்பில் அதற்கும் வழி இருக்கிறது. மஞ்சள் குமிழை அமுக்கினால் முன் சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். பின்னால் உடைந்தது சும்மா சுற்ற, முன் சக்கரம் இழுக்க, விறகைப் பாதி இறக்கிவிட்டு மெதுவாக வீடு வந்தோம். துண்டு டிஃபரன்ஷியலுக்குள் விழாமலிருந்தது அதிர்ஷ்டம். இப்போது இருக்கைக்கு அடியில் ஒரு ஜோடி சாஃப்ட்டும் அதற்கான சாவியும் எப்போதும் இருக்கும். கிளச்சைக் குழந்தையை இறக்கி விடுவது போல விடுகிறேன்.

எஞ்சின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு கேட்பார்கள். எஞ்சின் வாங்கும் அன்றே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கடைக்காரரைப் பிடிப்பது கஷ்டம். வருடாந்த வரிப் பத்திரத்துக்கு முன்னால் புகைப் பரிசோதனை. பையன் சைலன்சரில் குழாயைச் சொருகிவிட்டு அக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. காற்று வந்த பிறகு டீசல் என்று தொப்பிக்குள் வைத்த அளவு அங்கே கைகொடுத்தது. பாஸ். ஜீப்பின் ஆண்டைப் பார்த்துவிட்டு அவன் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். மறுபடியும் பாஸ்.

எத்தனை குதிரைவலு என்று கேட்கிறார்கள். அளக்கவில்லை. தொழிற்சாலையில் டர்போவோடு வந்த 4ஜேபி1 நூறை ஒட்டி இருக்கும். என்னுடையதும் அங்கே எங்கேயாவது நிற்கும். போன மாதம் கம்பளையிலிருந்து அதே மச்சான்மார், அதே பாரம். ரம்பொடைக்கு மேலே மூன்றாம் கியர், எக்ஸோஸ்ட் 640, தண்ணீர் 86. மாமா வழி நெடுகப் பேசவில்லை. லபுக்கலையைத் தாண்டியதும் மீற்றரை விரலால் ஒரு தட்டுத் தட்டி, "இது வேல செய்யுதா?" என்று கேட்டார்.

முன் பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பொக்ஸின் பின் சீலில் ஒயில் கசிகிறது. மூன்று தடவை மாற்றிவிட்டேன். கராஜ் தரையில் ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையை விரித்து வைத்திருக்கிறேன், அடுத்த போயா (பௌர்ணமி) லீவில் மறுபடி இறக்கவேண்டும்.